படத்தின் ஓரத்தில் சிவப்புத் துணி

அம்மா வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருகிறேன். எதிரே உட்கார்ந்தால் அந்தப் படம் கண்ணில் படும், சோறு இறங்காது. மாலை போட்ட அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, காக்கி உடுப்பில் என் தம்பி நிற்கிறான். தொப்பி, பெல்ட், தோளில் நட்சத்திரம், முறுக்கிவிட்ட மீசை. அப்பா உயிரோடு இருந்தால் அந்த ஆணியையே பிடுங்கி எறிந்திருப்பார்.

என் தம்பி போலீஸ் இல்லை. பாலக்கோட்டுச் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றிப் போகிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உழைத்துச் சாப்பிடுகிற பிழைப்பு, யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை. அந்தப் பிழைப்பை மறைக்க என் வீடு போட்ட வேஷத்தை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

நான் கல்யாணமாகித் தருமபுரியில் இருக்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அம்மா வீடு நல்லம்பள்ளிக்குப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது தெருவே தொப்பூர் கணவாயில் நடக்கும் ஷூட்டிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஏதோ வெப் சீரிஸ். முகமூடியும் சிவப்பு அங்கியும் போட்ட ஒருவன் வானத்தில் பறந்து வந்து கெட்டவர்களை உதைப்பானாம். உயரமான ஆட்கள் வேண்டுமென்று சுற்றுவட்டாரத்தில் தேடி, என் தம்பியையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அக்கா, எனக்கு போலீஸ் வேசம்!" என்று வாசலிலேயே சொன்னான்.

"போலீசாடா?"

"போலீஸ் இல்லக்கா. திருடன். திருடனுங்க போலீஸ் டிரஸ் போட்டுக்கிட்டு லாரிய நிறுத்தி கொள்ளையடிக்கறாங்க. நான் அதுல ஒருத்தன்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. போலீஸ் வேலைக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதித் தேறாதவன் அவன். காக்கியைப் போட்டுப் பார்க்க இப்படியாவது ஒரு வழி கிடைத்ததே என்று நினைத்தேன். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அவனுக்குச் சுற்றிப் போட்டாள். திருடன் வேஷத்துக்குத் திருஷ்டி கழித்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

படப்பிடிப்பில் யாரோ செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் என் தம்பி, இன்னொரு பக்கம் பறக்கிற ஹீரோ, கையில் டீ கிளாசோடு. அம்மா அதை ஸ்டுடியோவில் கொடுத்து, ஹீரோவை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் இருந்த கணவாயையும் நீக்கி, நீலத் திரை போட்டுப் பெரிதாக்கிச் சட்டம் மாட்டினாள். ஆனால் ஹீரோவின் அங்கி காற்றில் பறந்து தம்பியின் தோள்மேல் விழுந்திருந்தது. அதை மட்டும் ஸ்டுடியோக்காரர் சரியாக வெட்டவில்லை. படத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். யாராவது கேட்டால் அம்மா, "அது ஏதோ கொடிங்க" என்பாள்.

சீரிஸ் வந்தபோது எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். தம்பி கணவாய் வளைவில் ஒரு லாரியை நிறுத்தி, "லைசென்ஸ் எடு" என்கிறான். அவ்வளவுதான் அவனுடைய வசனம். அடுத்த நொடி சிவப்பு அங்கிக்காரன் வந்திறங்கி, அவன் காலரைப் பிடித்துத் தூக்கி, சாலையோரப் புதரைத் தாண்டி வீசுகிறான். தம்பி கையையும் காலையும் உதறிக்கொண்டு போய் விழுகிறான். தொப்பி தனியாகப் பறக்கிறது.

அம்மா முகம் சுண்டிப்போய்விட்டது. "நிறுத்துடா கண்ணு. அடிக்கறதெல்லாம் எதுக்குப் பாக்கோணும்?" என்றாள்.

அன்றோடு அந்த சீரிஸுக்கு எங்கள் வீட்டில் தடை. படத்துக்கு மட்டும் தினமும் துடைப்பு.

அதன்பிறகு தம்பி மாற ஆரம்பித்தான். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டான். பழுப்பு ஷூ வாங்கினான். நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தான். வண்டிச் சாவியை விரலில் சுற்றியபடி, கேட்கிற கேள்விக்குப் பாதிதான் பதில் சொன்னான். ஒருநாள் பார்த்தால் அவன் பைக்கின் முன்பக்கத்தில் சிவப்பும் நீலமுமாகப் போலீஸ் ஸ்டிக்கர்.

"ஏன்டா, நீ என்ன போலீசா?"

"கடையில விக்குது, ஒட்டியிருக்கேன். போலீஸ்னு நான் சொன்னனா?"

"கதைலகூட நீ திருடன்டா."

"அது கதைக்குள்ளக்கா. வெளிய நிக்கறவனுக்கு டிரஸ்ஸுதான் தெரியும்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அப்படியே அறைய வேண்டும்போல் இருந்தது. சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவந்துவிடும் பையன் அவன். பொய் சொல்லாமலே ஊரை நம்பவைக்கிற வித்தை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியவில்லை. என் தாய்மாமனிடமிருந்து வந்திருக்கிறது.

மாமா அதில் கைதேர்ந்தவர். அவர் வாயிலிருந்து ஒரு பொய்யைப் பிடித்துக் காட்ட யாராலும் முடியாது. தம்பிக்குப் பெண் தேடும் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைத் தன் செல்போனில் பிடித்து, போகிற இடமெல்லாம் காட்டினார். வாயைத் திறக்கவேயில்லை. படத்தைப் பார்த்தவர்கள், "அட, போலீசுங்களா?" என்றால், மாமா வெறுமனே மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் ஆண்டவன் புண்ணியம்" என்பார். நான் ஒருதடவை நேருக்கு நேர் கேட்டேன். "நாமளா சொன்னோம்? அவங்களா நெனச்சிக்கறாங்க. நெனைக்கறவங்க வாய நாம பூட்ட முடியுமா?" என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ வேதவாக்கு கேட்டதுபோல் தலையாட்டினாள். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றினால் ஜெயில். சொல்லாமல் ஏமாற்றினால் சம்பந்தம். என் மாமா கண்டுபிடித்த சந்து அது.

பாலக்கோட்டைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து இடம் வந்தது. தக்காளி விவசாயம் பண்ணுகிற குடும்பம், ஒரே பெண், தாய் இல்லாதவள். பெண் பார்க்க நானும் போனேன். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி ஓட்டப்பந்தய ஷூ கிடந்தது. தேய்ந்துபோன அடிப்பகுதி முழுக்கச் செம்மண். வீட்டில் பையன் யாரும் இல்லையே, யாருடையது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

பெண்ணின் அப்பா நேராகத்தான் கேட்டார். "மாப்ள என்ன பண்றாப்லங்க?"

"அவனுக்கு ஏதுங்க ஓய்வு? ரோட்டுலதான் பொழப்பு. எப்ப கூப்புட்டாலும் ஓடோணும். நல்லநாள் கெட்டநாள் பாக்க முடியாது" என்றார் மாமா.

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. லோடு வண்டி ஓட்டுகிறவனின் வாழ்க்கையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. பெண்ணின் அப்பா மாமாவையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, லேசாகச் சிரித்து, "சரிங்க, சரிங்க" என்றார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு அன்று தெரியவில்லை.

உள்ளறையில் அந்தப் பெண் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பட்டுப்புடவைக்குள் அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. "வெளிய கெடக்கற ஷூ என்னுதுதான் அக்கா" என்றாள். போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். இனி ஓட்டம்தான் பாக்கி. தினமும் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிறாளாம்.

"அவரு எந்த ஸ்டேஷன் அக்கா? ஓட்டத்துல என்னென்ன பாப்பாங்கன்னு அவரைக் கேட்டா சொல்வாரில்ல?" என்று கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே வந்து, "அதெல்லாம் ஆம்பளைங்க பேசிக்குவாங்க கண்ணு, நீ காபி எடுத்துக்கிட்டு வா" என்று அவளைக் கிளப்பிவிட்டாள். போகும்போது அந்தப் பெண் திரும்பி, "போட்டோவுல தோள் மேல செவப்பா ஒண்ணு இருக்குதே, அது என்ன அக்கா?" என்றும் கேட்டுவிட்டுப் போனாள். அந்த வீட்டில் கண் இருந்தது அவளுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பெண்ணின் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மாமா சிரித்தார். "எதுக்குங்க பொம்பளப் புள்ளைக்கு அந்த வேலையெல்லாம்? ஒரு வூட்டுக்கு எத்தினி போலீஸ் வேணும்?" அதையும் கேள்வியாகத்தான் கேட்டார். பெண்ணின் அப்பா உடனே, "அதத்தாங்க நானும் சொல்றன்" என்றார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையில் இரண்டாம் முறை சோறு வாங்கினார். காரியம் முடிந்தது என்று அதற்கு அர்த்தம். நான் தலைவலி என்று சொல்லித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இல்லாத போலீஸ் ஒருவனுக்காக, வரப்போகிற போலீஸ் ஒருத்தியை வீட்டோடு உட்காரவைக்கிறார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து நிச்சயதார்த்தப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

சில நாளில் அந்தப் பெண் எனக்கு போன் பண்ணினாள். குரல் கம்மியிருந்தது. நிச்சயத்துக்குக் குறித்திருக்கும் நாளும் ஓட்டத்துக்கு அழைத்திருக்கும் நாளும் ஒன்று. அப்பாவிடம் சொன்னால், "அன்னிக்கு வுட்டா முகூர்த்தம் இல்ல" என்கிறாராம். "நீங்க உங்க தம்பிகிட்ட சொல்லி நாள மாத்தச் சொல்லுங்கக்கா. அவரு போலீசு, அவருக்குப் புரியும்" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. பெண்ணைப் பெற்றவரிடம் முதலில் சொல்வதுதான் முறை என்று, வேலைக்கு லீவு போட்டுவிட்டு பாலக்கோட்டுச் சந்தைக்குப் போனேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே டவலை உதறிப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, டீ சொல்லப் போனார். வேண்டாமென்று தடுத்து, ஒரே மூச்சில் சொன்னேன். தம்பி போலீஸ் இல்லை, அது ஷூட்டிங்கில் எடுத்த படம், அதிலும் திருடன் வேஷம், அவன் லோடு வண்டிதான் ஓட்டுகிறான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் அதிர்ச்சியடைவார், கத்துவார், என் குடும்பத்தை நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "மெதுவா பேசும்மா" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஏம்மா, உன் தம்பி வண்டியில என் தக்காளியே ஏறியிருக்குது. வூட்டு வாசல்ல வந்து நின்னப்பவே தெரிஞ்சிப்போச்சு."

சந்தைச் சத்தத்தில் நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது. "தெரிஞ்சுமா?" என்றேன்.

அவர் விளக்கினார். ஏதோ நல்ல விலை படிந்த கதையைச் சொல்வதுபோல் ஆசையாக விளக்கினார். பக்கத்துக் காட்டுக்காரன் தன் நிலத்தை ஒட்டிப் போகும் இவருடைய வண்டிப் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தானாம். பஞ்சாயத்து பேசியும் எடுக்கவில்லை. மாமா அனுப்பிய படத்தை இவர் டீக்கடையில் வைத்து நாலு பேருக்குக் காட்ட, மறுநாளே முள்ளெல்லாம் காணோமாம்.

"மாப்ள போலீஸ்னு நான் சொல்லலம்மா. போட்டோவக் காட்டினன், அவ்ளோதான். அவனா நெனச்சிக்கிட்டான்."

மாமாவின் அதே வார்த்தைகள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைப்போல் இரண்டு பேரும். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை. இரண்டு பெரிய மனிதர்களும் கண்ணைத் திறந்துகொண்டே கூட்டு வியாபாரம் பேசியிருக்கிறார்கள். முதலாகப் போட்டது அந்தப் பெண்ணை.

"உங்க பொண்ணுக்கு?"

"அதுக்குத் தெரியாது. நீ சொல்லிப்போடாத தாயி. தெரிஞ்சா ஓட்டத்துக்குப் போவன்னு ஒத்தக் கால்ல நிக்கும். பொட்டப்புள்ள போலீசுல சேந்து எந்தூருக்குப் போயி என்னா கஷ்டப்படுமோ. உன் தம்பி நல்ல பையன், பொழைக்கற பையன். அது போதும் எனக்கு."

தம்பி நல்ல பையன்தான், அதைச் சொல்லி அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்கலாமே என்றேன். அவர் டவலை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நசுங்கிய தக்காளியின் புளித்த வாடை மூக்கில் ஏற, எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, குழாயடியில் இரண்டு தடவை கை கழுவினேன்.

வீட்டில் என் கணவர், "உன் தம்பி கல்யாணத்த நீயே கெடுக்கப்போறியா?" என்று கேட்டார். கெடுக்கத்தான் போகிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னேன். பழக்கடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, என் செல்போனில் அந்த சீரிஸைப் போட்டுக் காட்டினேன். கணவாய், லாரி, "லைசென்ஸ் எடு." சிவப்பு அங்கி பறந்து வந்தது. தம்பி புதரைத் தாண்டிப் போய் விழுந்தான்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தச் செவப்பு இதுதானா?" என்றாள்.

"இதுதான்."

"அவரத் தூக்கிப் போடறத இன்னொரு தடவ போடுங்கக்கா."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாம் முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அப்பாவுக்கு இது தெரிஞ்சா கொன்னே போட்டுடுவாரு" என்றாள்.

அவருக்குத் தெரியும் என்று சொல்லி, படத்தைக் காட்டி முள்ளை எடுக்கவைத்த கதையையும் சொன்னேன். அதைச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முந்தானையை எடுத்து விரலில் சுற்றிச்சுற்றி அவிழ்த்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "முள்ளு எடுத்ததுக்கு கோயிலுக்குப் பொங்க வெச்சாருக்கா. நானும்தான் போய் கும்பிட்டுட்டு வந்தன்" என்றாள். என் வீட்டை எவ்வளவு வெறுத்தேனோ அதே அளவு அவள் வீட்டையும் அந்த நிமிஷத்தில் வெறுத்தேன்.

எழுந்து போகும்போது கேட்டாள். "ஓட்டத்துக்குக் கூட வருவீங்களா? தனியா போவ பயமில்ல. உள்ள போன் எடுத்துட்டுப் போவக்கூடாதாம். வெளிய வெச்சிக்க ஒரு ஆளு வேணும்."

நிச்சய நாள் விடியற்காலையில் அவள் வழக்கம்போல் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பினாள். தினமும் ஓடுகிற பெண் என்பதால் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தடுக்கவில்லை. மைதானத்தைத் தாண்டி ரோட்டுக்கு ஓடி, முதல் பஸ்ஸைப் பிடித்துத் தருமபுரிக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து சேலத்துக்கு இருவரும் பஸ் ஏறினோம். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது, "இங்கதானா?" என்றாள். வளைவைக் காட்டினேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்தப் புதரை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

மைதானத்து வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். காக்கிச் சட்டையில் ஒரு பெண் போலீஸ், விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தியாக உள்ளே அனுப்பினார். வெயிலில் அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. மீசையும் இல்லை, முறைப்பும் இல்லை. "பயப்படாம ஓடுங்கம்மா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபோது எனக்கு அம்மா வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. எத்தனை மலிவான வேஷம் அது என்று கூச்சமாக இருந்தது.

அவள் போன் என் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய அப்பா. என் போனில் மாமா. பிறகு அம்மா. பிறகு தம்பி. ஒன்றையும் எடுக்கவில்லை. அவள் ஓடி முடிக்கிறவரை எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முழங்கால் வரை மண், தலை கலைந்து கிடந்தது. "தாண்டிட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து குடித்தாள். மீண்டும் அவள் போன் அடித்தது. அவள் பார்த்துவிட்டு, "நீங்களே பேசுங்க" என்றாள். எடுத்தேன்.

"எம்பொண்ணு எங்கம்மா?"

"சேலத்துல. ஓடி முடிச்சிட்டா. பாஸ் பண்ணிட்டா."

அந்தப் பக்கம் பின்னால் மேளச் சத்தமும், யாரையோ சமாதானப்படுத்துகிற என் மாமாவின் குரலும் கேட்டன. பிறகு அவர் ரகசியமாக, அழாத குறையாகக் கேட்டார். "பந்தல்ல ஊரே உக்காந்திருக்குது. அந்தக் காட்டுக்காரனும் வந்து முன்னால உக்காந்திருக்கான். பொண்ணு எங்க, மாப்ள ஏன் தனியா நிக்கறாருன்னு கேக்கறாங்க. நான் என்னம்மா சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். "அவங்களா ஏதாவது நெனச்சிக்குவாங்க."